நானே நிரப்பிய எண்பது படிவங்கள்

எம்.ஃபில். படிப்பில் என் ஆராய்ச்சித் தலைப்பு, மரக்காணம் உப்பளத் தொழிலாளர்களின் கண், தோல் பிரச்சினைகள். தலைப்பைக் கொடுத்தவர் என் கைடு மேடம். நான் சமூகப்பணித் துறை. திண்டிவனத்தில் வளர்ந்தவள். மரக்காணம் வழியாகப் பாண்டிச்சேரிக்குப் பஸ்ஸில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாகத் தெரியும் பாத்திகளைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். இறங்கிப் பார்த்ததில்லை.

2005 ஏப்ரலில் இறங்கினேன். சுனாமி வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. கடலோரத்தில் எந்தப் பக்கம் போனாலும் யாராவது ஒருவர் படிவத்தோடு நின்றுகொண்டிருந்தார். வீடு போனவர் யார், வலை போனவர் யார் என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் ஒரு அட்டையும் கிளிப்பும் பேனாவுமாகப் போய் நின்றேன்.

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கினேன். கூடவே இன்னொரு பெண். வேறொரு கல்லூரியில் தாவரவியல் படித்து, உப்புத் தண்ணீரில் வளரும் பாசியைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். விடிந்ததும் பிளாஸ்டிக் பாட்டில்கள், தெர்மாமீட்டர், தண்ணீரின் அடர்த்தி பார்க்கும் கண்ணாடிக் குழாய் எல்லாவற்றையும் ஒரு மீன் கூடையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஒரே பன்னிரண்டு பாத்தி. அதே பன்னிரண்டு பாத்திக்கு வாரம் மூன்று நாள் போவாள். எனக்கு அது ஒரு ஆராய்ச்சியாகவே படவில்லை. "நான் மனுஷங்களைப் படிக்கிறேன், நீ தண்ணிய மோந்து ஊத்துற" என்று கேலி செய்திருக்கிறேன். அவள் சிரித்துக்கொண்டே பாட்டிலில் லேபிள் ஒட்டுவாள்.

ஒருநாள் ஒரு பாட்டிலின் மூடி கழன்று வழியிலேயே தண்ணீர் கொட்டிவிட்டது. அறைக்கு வந்து நோட்டைத் திறந்து, அந்தத் தேதிக்கு நேரே ஒரு கோடு போட்டு "மாதிரி இல்லை" என்று எழுதினாள்.

"போன வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் நடுவுல ஒரு நம்பரைப் போட்டுக்கோயேன். யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன்.

"போன வாரம் தண்ணிய நான் பார்த்தேன். இன்னைக்குப் பார்க்கலயே" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவளுக்கு அது பேசுவதற்குரிய விஷயமாகவே தோன்றவில்லை.

என் படிவம் நாலு பக்கம், நாற்பத்திரண்டு கேள்வி. மூன்று ஊர்களில் மொத்தம் இருநூறு பேரைக் கேட்க வேண்டும். யாரை என்பதும் முன்பே முடிவாகியிருந்தது. உப்பள மேஸ்திரிகளிடம் இருந்த பெயர்ப் பட்டியல்களை வாங்கிக்கொண்டு போனேன். மேடம் தன் மேசையிலேயே சீட்டுக் குலுக்கி இருநூறு பெயர்களை எடுத்தார். "இந்தப் பேரை மாத்தக் கூடாது. கையில கிடைக்கிறவங்களை மட்டும் கேட்டா, கையில கிடைக்கிறவங்களைப் பத்தித்தான் உனக்குத் தெரியும். கிடைக்காதவங்க வேற மாதிரி இருப்பாங்க" என்றார். அது பரீட்சையில் நான் நன்றாக எழுதிய பதில்தான். தலையாட்டினேன்.

உப்பளத்தில் காலை ஒன்பது மணிக்கே கண்ணைத் திறந்து பார்க்க முடியாது. மேலே வெயில், கீழே உப்பு, இரண்டுக்கும் நடுவில் தண்ணீர். ஆண்கள் நீளக் கழியில் மாட்டிய பலகையால் உப்பை வரப்புக்கு இழுத்துக் குவிப்பார்கள். பெண்கள் அதைக் கூடையில் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு போய் மேட்டில் கொட்டுவார்கள். நான் வரப்பில் குடை பிடித்து நின்றபடி கேள்வி கேட்டேன். அவர்கள் நடந்துகொண்டே பதில் சொன்னார்கள்.

முதலில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான். "இது நிவாரணத்துக்கா?"

இல்லை, இது என் படிப்புக்கு என்று சொல்லியிருக்க வேண்டும். முதல் நாள் சொன்னேன். "அப்போ எங்களுக்கு இன்னா வருது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டாம் நாளிலிருந்து, "எழுதிக் குடுத்தா மேல அனுப்புவாங்க" என்று சொல்லத் தொடங்கினேன். யார் அனுப்புவார்கள், எங்கே அனுப்புவார்கள் என்று நானும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. பொய்யாகவும் இல்லாத, உண்மையாகவும் இல்லாத ஒரு வாக்கியம். அதை வைத்தே நிறைய படிவங்களை நிரப்பினேன்.

மூன்றாவது ஊர் தெற்கே இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி வெகுதூரம் நடக்க வேண்டும். அதனால் அதைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்தேன். அந்த ஊர்ப் பெண் ஒருவரின் பெயர் பட்டியலில் இருந்தது. மே மாதத்தில் இரண்டு முறை பாத்தியிலேயே அவரைப் பிடித்தேன். நாற்பதைத் தாண்டிய பெண். தலைக்கு மேல் போட்ட துண்டை முகம் வரைக்கும் இழுத்து விட்டிருந்தார்.

"கூடை தலைல இருக்குது பாரு. நாளைக்கு வாம்மா" என்றார். மறுநாள் போனேன். அன்றைக்கும் அதையே சொல்லிவிட்டு, "தண்ணி குடிக்கிறியா? மொகமெல்லாம் செவந்து போச்சே உனக்கு" என்று தூக்குவாளியிலிருந்து ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன். துண்டுக்குள் இருந்த அவர் கண்ணை நான் பார்க்கவில்லை. கண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போனவள், அந்த முகத்துக்கு எதிரே இரண்டு நாள் நின்றும் கண்ணைப் பார்க்கவில்லை.

நடுவில் வகுப்பு, பரீட்சை, ஒரு மஞ்சள் காமாலை. மழைக்காலம் தொடங்கியபோது நூற்றிருபது படிவம் முடிந்திருந்தது. மீதி எண்பதில் கிட்டத்தட்ட எல்லாமே மூன்றாவது ஊர். அந்த வருஷம் மழை வெளுத்துக்கட்டியது. பாத்தி எது, வரப்பு எது என்று தெரியாமல் உப்பளம் முழுக்க ஒரே தண்ணீர். மேஸ்திரியை டீக்கடையில் பார்த்து, எங்கே போனால் ஆட்களைப் பிடிக்கலாம் என்று கேட்டேன்.

"மழைல ஏதும்மா வேலை? கிளியனூர், வானூர் பக்கம் நடவுக்குப் போயிருப்பாங்க. தை மாசம் வாங்க" என்றார்.

போயிருப்பாங்க என்றுதான் சொன்னார். போயிட்டாங்க என்று சொல்லவில்லை. அந்த ஊருக்கு ஒரு நடை போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை. டிசம்பரில் எல்லாப் படிவங்களையும் துறையில் கொடுக்க வேண்டும் என்று மேடம் கெடு வைத்திருந்தார். அறைத்தோழி தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தாள். அறையில் நான், மழை, எண்பது வெற்றுப் படிவங்கள்.

மூன்று மத்தியானங்களில் முடித்தேன். எதையும் யோசிக்காமல் செய்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் நன்றாக யோசித்துத்தான் செய்தேன். மூன்று பேனா வைத்துக்கொண்டேன், ஒன்று கறுப்பு, இரண்டு வேறு வேறு நீலம். பத்துப் படிவத்துக்கு ஒருமுறை கையெழுத்தைக் கொஞ்சம் சாய்த்தேன். வரப்பில் நின்று எழுதியது போல் இருக்க வேண்டும் என்று சிலதைத் தொடையில் வைத்து எழுதினேன். ஒன்றின் மேல் டீ கிளாஸை வைத்து வட்டக் கறை உண்டாக்கினேன். அந்தப் படிவத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தபோது எனக்குத் திருப்தியாக இருந்தது. இப்போது எழுதும்போதும் கூசுவது அந்தத் திருப்தியை நினைத்துத்தான்.

படிவத்தில் பதினெட்டாவது கேள்வி, கண்ணில் ஏதாவது தொந்தரவு உண்டா என்பது. உண்டு என்றால் அதற்குக் கீழே ஒரு பக்கம் நிரப்ப வேண்டும். எந்தக் கண், எத்தனை நாளாக, எந்த ஆஸ்பத்திரி, என்ன மருந்து என்று போகும். இல்லை என்றால் நேராக அடுத்த பகுதிக்குத் தாண்டிவிடலாம். எண்பதில் நாலைந்துக்குத்தான் உண்டு என்று போட்டேன். வேறு காரணம் எதுவும் கிடையாது. கை வலித்தது.

ஜனவரியில் துறையில் ஒரு கருத்தரங்கு. ஆராய்ச்சி செய்கிறவர்கள் எல்லோரும் தங்கள் முடிவுகளைச் சொல்ல வேண்டும். ஊர்வாரியாக ஒரு அட்டவணையைத் திரையில் போட்டேன். முதல் இரண்டு ஊரில் கண் தொந்தரவு நிறைய. மூன்றாவது ஊரில் அநேகமாக இல்லவே இல்லை. முன் வரிசையில் ஒரு கண் டாக்டர் உட்கார்ந்திருந்தார். பாண்டிச்சேரியில் ஒரு மருத்துவமனையில் வேலை. வேன் வைத்துக்கொண்டு கிராமங்களில் கண் முகாம் நடத்துகிறவர். அவர் எழுந்து, "அதே வேலைதானே செய்யறாங்க. அந்த ஊர்ல மட்டும் எப்படி இல்லாம போச்சு?" என்று கேட்டார்.

எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. "அந்த ஊரைச் சுத்திச் சவுக்குத் தோப்பு இருக்கு சார். வேலை நேரத்துல நிழல்ல ஒதுங்குறாங்க. அதனால கண் கூச்சம் குறைவா இருக்கலாம்" என்றேன். சவுக்குத் தோப்பு இருந்தது உண்மைதான். மற்றதெல்லாம் அந்த நொடியில் வாயில் வந்தது. டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். மேடம் பெருமையாக என்னைப் பார்த்தார். கூட்டம் முடிந்ததும் அந்த அட்டவணையின் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார் டாக்டர். முகாமுக்கு எந்தெந்த ஊரை எடுப்பது என்று முடிவு செய்ய உதவும் என்றார்.

பிப்ரவரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கும் சார் கூப்பிட்டு அனுப்பினார். அதிகம் பேசாதவர். எங்கள் எல்லோருடைய கணக்குகளையும் கம்ப்யூட்டரில் சரிபார்ப்பது அவர்தான். திரையில் என் இருநூறு பேரும் வரிசையாக நின்றார்கள்.

"வயசை மட்டும் பாரும்மா" என்றார்.

பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"முதல் நூத்திருபது பேர்ல முக்காவாசிப் பேருக்கு முப்பது, முப்பத்தஞ்சு, நாப்பது, நாப்பத்தஞ்சு. அதுக்கு நடுவுல ஆளே இல்ல. ஏன் தெரியுமா? அவங்களுக்கு வயசு சரியாத் தெரியாது. முப்பது முப்பத்தஞ்சு இருக்கும்னு சொல்லுவாங்க, நீ எழுதிக்கிட்டிருப்ப. இப்ப நூத்திருபதுக்கு அப்புறம் பாரு. இருபத்தெட்டு, முப்பத்தேழு, நாப்பத்துமூணு, ஐம்பத்தொண்ணு. எல்லாருக்கும் பொறந்த வருஷம் கரெக்டாத் தெரிஞ்சிருக்கு."

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வயதுகளை எவ்வளவு அக்கறையாகக் கலைத்துப் போட்டேன் என்பது நினைவுக்கு வந்தது. ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வரும் என்று கலைத்துப் போட்டிருந்தேன்.

"அந்த ஊர்ல ஸ்கூல் இருக்கு சார். கொஞ்சம் படிச்சவங்க" என்றேன்.

சார் என்னை ஒருமுறை பார்த்தார். "சரிம்மா" என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்தார். திட்டியிருந்தால் அழுதிருப்பேன், அழுதிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் திட்டவில்லை.

மார்ச்சில் ஆய்வேட்டில் சேர்க்கச் சில போட்டோக்கள் தேவைப்பட்டன. மரக்காணம் போனேன். மறுபடியும் உப்பு எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். பாத்திகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தபோது, "ஏம்மா, நீ குடைக்காரப் பொண்ணுதானே?" என்று யாரோ கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்த்தால், நாளைக்கு வா என்று இரண்டு முறை சொல்லி அனுப்பிய அந்த அக்கா. காலியான கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார். துண்டு கழுத்தில் கிடந்தது. இடது கண்ணில், மூக்குப் பக்கத்து மூலையிலிருந்து சிவப்பாக ஒரு சதை வளர்ந்து கருவிழியின் மேல் ஏறியிருந்தது.

"என்னக்கா இது?" என்றேன்.

"அது ரொம்ப நாளா இருக்குது. இப்பத்தான் மறைக்கிது." தலையை ஒரு பக்கமாகத் திருப்பி என்னைப் பார்த்தார். "கண்ணு டாக்டர் வேன் வந்திச்சி, போன மாசம். அந்த ரெண்டு ஊருக்கும் வந்திச்சி. நாங்க ரோட்ல போயி மறிச்சிக்கினு கேட்டோம். உங்க ஊரு லிஸ்ட்ல இல்லம்மா, உங்க ஊர்ல யாருக்கும் கண்ணுல ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்கன்னு டிரைவர் சொல்றான். யாருய்யா சொன்னதுன்னு கேட்டா, யாரோ ஒரு பொண்ணு வீடு வீடா வந்து கேட்டு எழுதிக் குடுத்துச்சாம். எங்க வீட்டுக்கு யாரும் வரல. நீயும் இந்த வேலையாத்தானே சுத்திக்கினு இருந்த. அந்தப் பொண்ணைப் பாத்தியா நீ?"

அவர் முகத்தில் கள்ளம் இல்லை. நிஜமாகவே என்னிடம் விசாரிக்கிறார்.

"தெரியலக்கா" என்றேன்.

போட்டோ எடுக்காமல் திரும்பிவிட்டேன். திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பெருமுக்கல் மலை கடந்தது. என்னென்னவோ சமாதானம் தேடினேன். அந்தச் சதை என்னால் வளரவில்லை. எம்.ஃபில். ஆய்வேட்டை யாரும் படிப்பதில்லை, எல்லோரும் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்து எழுதுகிறார்கள். ஒவ்வொன்றும் மனதில் வந்து நிற்பதற்குள், வேனை மறித்து நின்ற பெண்கள் வந்துவிட்டார்கள். யாரும் படிக்க மாட்டார்கள் என்று நினைத்து எழுதிய பொய்யை ஒருவர் படித்திருந்தார். படித்து, நம்பி, அதன்படி வேனை ஓட்டியிருந்தார். நான் செய்ததுதான் ஆராய்ச்சி என்று அவர் நினைத்திருந்தார்.

மறுநாள் புள்ளியியல் சாரின் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவருக்கு முன்பே தெரியும் என்பதால் அவரிடம் சொல்வது எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். எளிதாக இல்லை. அவர் கேட்டு முடித்துவிட்டு, "மேடத்துக்கு அப்புறம் சொல்லிக்கலாம். முதல்ல அந்த டாக்டர்கிட்ட போ. இன்னைக்கே போ" என்றார்.

டாக்டரின் அறைக்கு வெளியே ஒரு மணி நேரம் நோயாளிகளோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளே போய்ச் சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏன் செய்தாய் என்று கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் டைரியைப் புரட்டினார்.

"ஏப்ரல் ரெண்டாவது வாரம் ஒரு நாள் இருக்கு. அந்த ஊருக்கு உள்ள வேன் போகுமா, ரோட்ல நிறுத்தணுமா?"

"ரோட்லதான் சார்."

"வரச் சொல்லி யாரையாவது விட்டுச் சொல்லணும்."

"நான் சொல்றேன் சார்."

"சவுக்குத் தோப்புன்னு சொன்னீங்களே, அதை நான் நாலு பேர்கிட்ட சொல்லிட்டேன்" என்றார் குனிந்து எழுதிக்கொண்டே. கோபமாகச் சொல்லவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன்.

மேடத்துக்குக் கோபம் வந்தது. கருத்தரங்கில் அவர் பெயரும் என் பெயரோடு இருந்தது. என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துப் பேசினார். கடைசியில், "ஆறு மாசம் தள்ளி வைக்கச் சொல்லி யுனிவர்சிட்டிக்கு எழுதிக் கேக்கிறேன். எண்பதையும் நேர்ல போய் மறுபடி செய். ஆய்வேட்டுல மழையால தாமதம்னு ஒரு வரி போதும்" என்றார். நடந்ததை எழுத வேண்டாமா என்று கேட்டேன். "வேண்டாம்" என்றார். நான் வற்புறுத்தவில்லை. அந்த ஒரு வரிதான் இன்றைக்கும் நூலகத்தில் இருக்கிறது. பழியை மழையின் மேல் போட்டுவிட்டோம்.

வேன் வந்தது. சொன்னபடி நானும் போய் வரிசையை ஒழுங்குபடுத்தினேன். அந்த அக்காவுக்கும் இன்னும் சிலருக்கும் அறுவை சிகிச்சை என்று எழுதிக் கொடுத்தார்கள். மே மாதம் அவரைப் பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போனார்கள். சதையை எடுத்த மறுநாள் நான் பார்க்கப் போனேன். ஒரு கண்ணில் கட்டு. கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முன்பே வந்திருந்தால் நல்லது என்று டாக்டர் சொன்னாராம். எல்லோரிடமும் டாக்டர்கள் சொல்வதுதான். அந்தச் சில மாதங்களால் அவர் பார்வையில் எவ்வளவு குறைந்தது, குறைந்ததா என்றே எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

"அக்கா, அந்தப் பொண்ணு நான்தான்" என்றேன்.

"எந்தப் பொண்ணு?"

சொன்னேன். மழையில் எல்லோரும் வெளியூர் போய்விட்டார்கள் என்று நினைத்ததையும் சொன்னேன்.

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "மழைக்கு எங்கம்மா போவோம்? வூட்லதான் இருந்தோம். வேலையே இல்ல. வந்திருந்தா நாள் பூரா பேசியிருப்பேனே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எம் பேருலயும் எழுதுனியா?"

"எழுதினேன்க்கா."

"இன்னா எழுதுன?"

மறந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் எனக்கு நினைவிருந்தது. "வயசு நாப்பத்திநாலு. கண்ணுல ஒண்ணும் இல்ல. மூணு பசங்க."

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கட்டு போட்ட கண்ணைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்துக் கட்டில் பெண்ணிடம், "இதோ பாரேன், எனக்குக் கல்யாணமாகி இருபது வருசம் ஒண்ணும் பொறக்கல. இந்தப் பொண்ணு பேப்பர்லயே மூணு பெத்துக் குடுத்திடுச்சி" என்றார். அந்தப் பெண்ணும் சிரித்தார். அவர்கள் சிரிப்பில் கசப்பு இல்லை என்றுதான் நினைக்கிறேன். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஆனாலும் நின்றேன். அவர் பன்னில் பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினார்.

ஜூனில் மூன்றாவது ஊருக்குப் போனபோது அவர் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். யாரும் என்னை விரட்டவில்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும், "எனக்கு இன்னா எழுதின, அதை முதல்ல படி" என்றார்கள். பழைய படிவங்களைப் பையில் வைத்திருந்தேன். அவரவர் படிவத்தை எடுத்து, அவரவர் வாசலில் உட்கார்ந்து, நாற்பத்திரண்டு பதில்களையும் வாய்விட்டுப் படித்தேன். கேட்கக் கூட்டம் கூடியது. ஒருவருக்குக் குடிப்பழக்கம் இல்லை என்று எழுதியிருந்தேன். அவர் மனைவி அதை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். கன்னிப் பெண் ஒருத்தியை விதவை என்று எழுதியிருந்தேன். அவள் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். அந்த வீட்டில் புதுப் படிவத்துக்குப் பதில் கிடைக்கவில்லை. வெறுமையாக விட்டேன்.

பதினெட்டாவது கேள்விக்கு அந்த ஊரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் உண்டு என்றார்கள். அடுத்த பக்கத்தை ஒவ்வொரு தடவையும் புரட்டி எழுதினேன். சிலர் அந்தப் பக்கத்தில் இடமில்லாத விஷயங்களைச் சொன்னார்கள். ஓரத்தில் எழுதிக்கொண்டேன். மே மாதத்து வரப்பில் இரண்டு நிமிஷத்தில் கேட்டு வாங்கிய நூற்றிருபது படிவங்கள் எந்த அளவுக்கு உண்மை என்ற சந்தேகமும் அப்போதுதான் எனக்கு வந்தது. அவர்கள் கூடையோடு நடந்துகொண்டே சொன்ன பதில்கள் அவை, நிவாரணம் வரும் என்று நம்பிச் சொன்னவை. அவற்றை மறுபடி செய்ய யாரும் சொல்லவில்லை. நானும் செய்யவில்லை.

பட்டியலில் ஏறக்குறைய கடைசியாக ஒரு வயதானவரின் பெயர். தோப்பை ஒட்டிய வீடு. மனைவி வெளியே உட்கார்ந்து விறகு பிளந்துகொண்டிருந்தார். பெயரைச் சொல்லிக் கேட்டேன்.

"அவரு ஆவணியில காய்ச்சல்ல போயிட்டாரும்மா. வருசம் திரும்பப் போவுது" என்றார்.

நான் அவர் பெயரில் படிவம் எழுதியது தீபாவளி வாரத்தில். எழுந்துவிடலாம் என்று நினைத்தேன்.

"அவருதும் இருக்குதா உங்கிட்ட?" என்றார். "எல்லா வூட்லயும் படிச்சியாமே. படி."

"அது நான் இட்டுக்கட்டினதும்மா. அவர் சொன்னது இல்ல."

"தெரியும். படி."

படித்தேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். வயது ஐம்பத்தொன்று என்றேன். "அறுவது தாண்டிடுச்சி" என்றார். எழுதப் படிக்கத் தெரியாது என்றேன். "பேப்பர் படிப்பாரு, டீக்கடையில." கண் நன்றாகத் தெரியும் என்று இருந்தது. "கடைசி ரெண்டு வருசம் சாயந்திரமானா நான்தான் கையப் புடிச்சிக் கூட்டியாருவேன்." இந்த வேலை உங்களுக்குத் திருப்தியாக இருக்கிறதா என்பது முப்பத்தொன்பதாவது கேள்வி. ஆம் என்று டிக் அடித்திருந்தேன்.

அவர் மடியில் ஒட்டியிருந்த விறகுச் சிராயைத் தட்டிவிட்டார். "அவரு அப்படிச் சொல்ல மாட்டாரும்மா" என்றார் பிறகு. "கேட்டிருந்தா திட்டியிருப்பாரு."

மீதி மூன்று கேள்வியையும் படித்து முடிக்கும் வரை அவர் நகரவில்லை. ஒவ்வொன்றுக்கும் அவர் சொன்ன திருத்தத்தைப் பழைய பதிலுக்குப் பக்கத்தில் எழுதினேன். இறந்தவரை ஆய்வில் சேர்க்க முடியாது என்பதால் அந்தப் படிவத்துக்கு எங்கும் கணக்கு இல்லை. அந்த அம்மாவிடமே கொடுத்துவிடவா என்று கேட்டேன். வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்றார்.